மரபணு வைத்தியமும் முகவரிக் கணக்கும்

காஞ்சிரங்குளம் என்னும் எங்கள் ஊரின் பெயரில் ஒரு நச்சு மரம் நிற்கிறது. காஞ்சிரம் என்பது எட்டி. அதன் விதையிலுள்ள ஸ்ட்ரிக்னின் என்னும் நஞ்சு மிகச் சிறிய அளவிலேயே ஆளைக் கொல்ல வல்லது. எனினும் தென் திருவிதாங்கூரின் ஆசான்மார் அந்த விதையை ஒதுக்கிவிடவில்லை. கோமூத்திரத்தில் ஊறவைத்து, பாலில் வேகவைத்து, தோலும் முளையும் நீக்கி, சுத்தி செய்த பின்னர் மருந்தில் சேர்த்தனர். சுத்தி முற்றுப்பெற்றதா என்பதை அறிய அவர்களுக்குக் கைப்பக்குவமும் குருமொழியும் அன்றி வேறு துணை இருந்ததில்லை.

நாம் இங்கே கூறப்புகும் வரலாறும் நஞ்சு ஒன்றை மருந்தாக்கிய வரலாறே. இந்த நஞ்சு மரத்தில் காய்ப்பதன்று. மனித உடலுக்குள் புகுந்து பெருகும் வைரஸ். இதன் சுத்தி முற்றுப்பெற்றதா என்பதைக் கைப்பக்குவத்தால் அறிய முடியாது என்பதை விஞ்ஞானிகள் குழந்தைகளின் நோய் வழியாகவே கற்க நேர்ந்தது. கற்ற பின்னர் அவர்கள் கணிப்பொறியிடம் சென்றனர்.

தமிழ்நாட்டில் இக்கதைக்கு இரண்டு தொடக்கங்கள் உண்டு. இரண்டும் 1986-ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. அவ்வாண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியையாக இருந்த டாக்டர் சுனிதி சாலமனும், அவருடைய மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலாவும் பெண்கள் பலரிடம் இரத்தம் சேகரித்தனர். எய்ட்ஸ் நோயை உண்டாக்கும் எச்.ஐ.வி. வைரஸ் இந்நாட்டில் நுழைந்துவிட்டதா என்று பார்ப்பதே நோக்கம். சோதிக்கும் வசதி அன்று சென்னையில் இல்லாமையால், அந்த மாதிரிகள் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு செல்லப்பட்டன. அங்கேதான் இந்தியாவில் எச்.ஐ.வி. உள்ளது என்பது முதன்முதலாகத் தெரியவந்தது. அதே ஆண்டில், அதே கல்லூரியில், எலும்பு மஜ்ஜை மாற்று வைத்தியமும் தொடங்கப்பெற்றது. ஒன்று அச்சம் தந்த செய்தி. மற்றது நம்பிக்கை தந்த செய்தி. இவ்விரு நூல்களும் ஒருநாள் ஒரே முடிச்சில் சேரும் என்று அன்று எவரும் எண்ணியிருக்க வழியில்லை. 2024 டிசம்பரில் அவை சேர்ந்தன. எச்.ஐ.வி. வழியாக வந்த ஒரு வைரஸைப் பல் பிடுங்கி, நோயாளியின் மஜ்ஜையிலிருந்து எழும் குருத்தணுக்களில் ஏற்றி, ஹீமோபிலியா என்னும் குருதி உறையா நோய்க்கு வைத்தியம் செய்த செய்தியை, டாக்டர் அலோக் ஸ்ரீவாஸ்தவாவின் தலைமையில் வேலூர்க் குழுவினர் அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவ இதழ் ஒன்றில் வெளியிட்டனர்.

ஹீமோபிலியா எத்தகையது என்பதை அந்நோய் உள்ள வீட்டினர் நன்கு அறிவர். பையன் முற்றத்தில் தடுக்கி விழுகிறான், முழங்கால் வீங்குகிறது, உள்ளே கசிந்த இரத்தம் உறையாமல் மூட்டை அரிக்கிறது. எட்டாம் காரணி எனப்படும் உறைதற்புரதம் அவன் உடலில் உருவாவதில்லை. அதை உருவாக்கும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், பெரும்பாலும் தாய் சுமக்க, மகன் துன்புறுகிறான். கடுமையான நோயுடையவனுக்கு அந்தப் புரதம் இயல்பளவில் நூற்றில் ஒரு பங்குகூட இருப்பதில்லை. வெளியிலிருந்து ஊசியாக ஏற்றலாம். ஆனால் சில நாட்களில் அது கரைந்துவிடும், மீண்டும் ஏற்ற வேண்டும். வாழ்நாள் முழுதும் ஊசி என்பது செல்வந்தர்க்கே தாங்காத செலவு. பனையேறியும் வலை வீசியும் பிழைத்த குடும்பங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

பழுதான மரபணுவுக்கு மாற்றாக நல்ல மரபணு ஒன்றை உடலிலேயே வைத்துவிட்டால் என்ன என்பதே மரபணு வைத்தியத்தின் மூல எண்ணம். அணுவுக்குள் புகுந்து தன் மரபுச் செய்தியை அங்கே பதித்துவிடுவது சில வைரஸ்களின் இயல்பு. ஆகவே அவற்றின் நோய்ச் செய்தியை அகற்றி, மருந்துச் செய்தியை ஏற்றி, ஊர்தியாகப் பயன்படுத்தலாம் என்று கருதினர். 1990 செப்டம்பர் 14-ஆம் நாள் அமெரிக்காவில் அஷாந்தி டி சில்வா என்ற 4 வயதுச் சிறுமிக்கு, நோயெதிர்ப்பாற்றல் இல்லாக் குறைக்காக இம்முறை முதன்முதல் கையாளப்பட்டது. அவளுக்குத் தீங்கு நேரவில்லை. வழக்கமான மருந்தையும் உடன் கொடுத்து வந்தமையால், குணம் எவ்வளவு மரபணுவால் வந்தது என்று பிரித்துக் கூறவும் இயலவில்லை. 1999 செப்டம்பர் 17-ஆம் நாள் பென்சில்வேனியாவில் ஜெசி கெல்சிங்கர் என்ற 18 வயது இளைஞன் மாண்டான். அவனுக்குச் செலுத்தப்பட்ட அடினோ வைரஸ் ஊர்தியை அவனுடைய உடல் கடுமையாக எதிர்த்ததே காரணம். அது உடனே தெரியும் தீங்கு. நாம் கூற வந்தது ஆண்டுகள் கழித்துத் தலைகாட்டும் தீங்கைப் பற்றியது.

அது பாரிஸ் நகரில், நெக்கர் மருத்துவமனையில் நிகழ்ந்தது. பிறவியிலேயே நோயெதிர்ப்பு அணுக்கள் இல்லாத ஆண் குழந்தைகளுக்கு டாக்டர் அலேன் ஃபிஷரும் டாக்டர் மரீனா கவஸானாவும் 1999 முதல் மரபணு வைத்தியம் செய்தனர். அவர்கள் கையாண்டது எலியின் இரத்தப் புற்றுநோய் வைரஸிலிருந்து செய்த ஊர்தி. 2000-ஆம் ஆண்டு முதற்செய்தி வெளிவந்தபோது உலகம் வியந்தது. தொற்றுக்கு அஞ்சி மூடிய அறைக்குள் வாழவேண்டியிருந்த குழந்தைகள் வீடு திரும்பி மற்றப் பிள்ளைகளோடு விளையாடினர். மரபணு வைத்தியத்தின் முதல் உண்மையான வெற்றி இதுவே என்பதில் நமக்கு ஐயமில்லை. பின்னர் 30-ஆம் மாதத்தில் ஒரு குழந்தைக்கும் 34-ஆம் மாதத்தில் மற்றொரு குழந்தைக்கும் இரத்தப் புற்றுநோய் தோன்றியது. காலப்போக்கில் பாரிஸில் நால்வருக்கும், இதே முறையைக் கையாண்ட லண்டனில் ஒருவருக்கும் அந்நோய் வந்தது, இருபதின்மரில் ஐவர். அவர்களுள் ஒரு குழந்தை இறந்தது. மற்ற நால்வரும் புற்றுநோய் வைத்தியத்தால் பிழைத்தனர். அந்த நால்வரின் நோயெதிர்ப்பாற்றலும் நிலைத்து நின்றது என்பதைச் சேர்த்துச் சொல்லாவிடில் வரலாறு கோணிவிடும்.

ஏன் நேர்ந்தது? ஊர்தி வைரஸ் தன் சுமையை இறக்கும்போது, அணுவின் மரபுச் சரட்டில் ஏதேனும் ஓரிடத்தை வெட்டி உள்ளே தைத்துக்கொள்கிறது. அந்த இடம் இதுதான் என்று நாம் குறித்துக் கொடுக்க முடியாது. கோடிக்கணக்கான அணுக்களில் கோடிக்கணக்கான இடங்கள். பாரிஸ் குழந்தைகளின் புற்றணுக்களில் அது எல்.எம்.ஓ.2 என்ற மரபணுவின் பக்கத்தில் போய் அமர்ந்திருந்தது. 11-ஆம் குரோமோசோமில் உள்ள அம்மரபணு, வளர்ந்த அணுவில் அடங்கிக் கிடக்க வேண்டியது. எலி வைரஸின் இரு முனைகளிலும் இருந்த வலிய ஊக்குபகுதி அதைத் தட்டியெழுப்பிவிட்டது. எழுந்த அணு அடங்காமல் பெருகியது. மருந்துச் செய்தியில் பிழை ஏதும் இல்லை. அது இறங்கிய இடமே பிழை.

இடத்தைக் கண்டுபிடித்தது எவ்வாறு என்பதுதான் இவ்வுரையின் நடுப்பொருள். மனித மரபுச் செய்தி நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்ட, ஏறத்தாழ 310 கோடி எழுத்து நீளமுள்ள ஏடு. வைரஸ் எங்கே தைத்துக்கொண்டது என்பதை அறிய, வைரஸின் முனையையும் அதையடுத்த மனிதச் சரட்டின் ஒரு துணுக்கையும் சேர்த்து அறுத்தெடுத்து, பெருக்கி, எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும். இதற்குரிய நுண்முறையை ஜெர்மனியைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் ஃபோன் கால்லே, மான்ஃபிரட் ஷ்மிட் ஆகியோர் வளர்த்தனர். துணுக்கு கைக்கு வந்தபின், அது பேரேட்டில் எந்தப் பக்கத்து எந்த வரி என்று தேட வேண்டும்.

எத்தனை எழுத்துப் படித்தால் இடத்தைச் சொல்லிவிடலாம்? கணக்கு எளியது. நான்கு எழுத்துக்களால் 15 எழுத்து நீளச் சொற்கள் ஏறத்தாழ 107 கோடி அமையும். அது ஏட்டின் நீளத்துக்குப் போதாது. 16 எழுத்து நீளமாயின் 429 கோடிக்கு மேல் அமையும். அது ஏட்டைவிடப் பெரிது. ஆகவே எழுத்துக்கள் ஒழுங்கின்றி விரவியிருந்தால், 16 எழுத்துக்களே பல இடங்களை அடையாளம் காட்டத் தொடங்கிவிடும். ஆனால் மரபேடு அவ்வாறு எழுதப்படவில்லை. அதில் ஏறக்குறைய பாதி, திரும்பத் திரும்ப வரும் வாசகங்கள். எங்கள் எல்லைப்புறத்துத் தபால்காரரைக் கேட்டால் இதன் தொல்லை விளங்கும். பாறசாலையிலிருந்து நெய்யாற்றங்கரை வரை எத்தனை புத்தன்வீடு, எத்தனை மேலேவிளை! உறையின் மேல் ‘புத்தன்வீடு’ என்று மட்டும் எழுதினால் கடிதம் எந்த வாசலில் விழும்? அவர் அடுத்த வரியையும் தேடுவார். கணிப்பொறியும் அதையே செய்கிறது. துணுக்கு நீளமாக இருந்தால் அண்டை வாசகங்களைக் கொண்டு இடத்தைத் துணிகிறது. இல்லையேல் ‘பல இடங்களுக்குப் பொருந்துவது’ என்று ஒதுக்கி வைக்கிறது. அவ்வாறு ஒதுக்கப்பட்ட துணுக்குகளில் ஆபத்தானது ஒன்றும் கிடக்கலாம் என்பதை மறவாதிருப்பதே நல்ல கணக்காளருக்கு அழகு.

இத்தேடல் பாரிஸ் குழந்தைகள் நோயுற்ற வேளையில் சாத்தியமானது தற்செயலே எனலாம். துணுக்கை ஏட்டோடு ஒப்பிடும் பிளாஸ்ட் என்னும் கணிப்பொறி முறை 1990-இல் வெளிவந்திருந்தது. ஆனால் ஒப்பிடுவதற்கு முழு ஏடு இல்லை. 2000-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் ஜிம் கென்ட் என்ற ஆராய்ச்சி மாணவர் சில வாரங்களில் எழுதிய நிரல், சாதாரணக் கணிப்பொறிகள் நூற்றின் துணையோடு, சிதறிக் கிடந்த துண்டுகளை முதன்முதலாக ஒன்றாகக் கோத்தது. மரபேட்டின் முதற்படி 2001 பிப்ரவரியில் அச்சேறியது. விரைந்து தேடும் பிளாட் என்ற முறையையும் கென்ட் 2002-இல் அளித்தார். சில ஆண்டுகள் முன்னதாக இக்குழந்தைகள் நோயுற்றிருந்தால், எல்.எம்.ஓ.2 என்ற பெயரைச் சுட்ட எவ்வளவு காலம் பிடித்திருக்குமோ.

ஏடு கையில் வந்ததும், பழைய நம்பிக்கை ஒன்று சரிந்தது. வைரஸ் கண்ட இடத்தில் அமரும், ஆகவே தீய இடத்தில் அமரும் வாய்ப்பு மிக அற்பம் என்பது அந்நம்பிக்கை. 2002-இல் ஃபிரெடெரிக் புஷ்மனின் குழுவினர் எச்.ஐ.வி. அமர்ந்த 524 இடங்களைப் பட்டியலிட்டனர். அது உழைத்துக்கொண்டிருக்கும் மரபணுக்களின் உடலுக்குள் அமர விரும்புவது தெரிந்தது. அடுத்த ஆண்டில் அமெரிக்காவில் வேறொரு குழு எலி வைரஸின் 903 இடங்களைப் பட்டியலிட்டது. அது மரபணுக்கள் தொடங்கும் வாயிலருகே, அதாவது விசை இருக்கும் இடத்தருகே, அமர விரும்புகிறது! விளக்குப் பொத்தானின் மேலேயே போய் உட்காரும் பழக்கமுடைய ஊர்தியையே பாரிஸ் குழந்தைகளுக்குக் கொடுத்திருந்தனர் என்பது அப்போதுதான் புலனாயிற்று.

இங்கே ‘விரும்புகிறது’ என்று சொல்வதற்கும் ஒரு கணக்கு வேண்டும். வயலில் ஆயிரம் நெல்மணியை வீசினால், யாரும் திட்டமிடாமலேயே சில மணிகள் நெருங்கி விழும். ஆதலால் ஆராய்ச்சியாளர் கணிப்பொறியைக் கொண்டு, இல்லாத வைரஸ் ஒன்றை ஏட்டின் மேல் ஆயிரக்கணக்கான தடவை கண்மூடி வீசச் செய்வர். அந்தப் போலி விழுதலோடு உண்மை விழுதலை ஒப்பிட்டு, மிகுதி எங்கே என்று காண்பர். வேறொரு கேள்வியும் உண்டு. ஒரு முகவரி நூறு தடவை படிக்கப்பட்டால், அந்த இடத்தில் வைரஸ் ஏந்திய ஓரணு நூறாகப் பெருகிவிட்டதா, அல்லது பெருக்கும் இரசாயனம் ஒரே துணுக்கைப் பலமுறை படியெடுத்துவிட்டதா? சரட்டை ஒலியதிர்வால் தாறுமாறாக உடைத்தால், வேறு வேறு அணுக்களின் துணுக்குகள் வேறு வேறு நீளத்தில் உடையும். ஒரே துணுக்கின் படிகளோ ஒரே நீளமாக இருக்கும். நீளங்களை எண்ணினால் அணுக்களை எண்ணலாம். நமக்கு இவ்வரலாற்றில் மிகவும் பிடித்த யுக்தி இதுவே. விலையுயர்ந்த கருவியின் குறையை எளிய சிந்தனை ஈடுசெய்தது.

முகவரிகள் தெரிந்தபின் ஊர்தியை மாற்றியமைத்தனர். முனைகளிலிருந்த ஊக்குபகுதியை நீக்கி, அணுவில் இறங்கியபின் தானே அடங்கிவிடும் ஊர்திகள் முன்னரே ஆய்வுக்கூடத்தில் இருந்தன. இப்போது அவை வைத்தியத்துக்கு வந்தன. அத்தகைய ஊர்தியைக் கொண்டு 9 சிறுவருக்குச் செய்த வைத்தியத்தின் விளைவு 2014-இல் வெளியானபோது, எவருக்கும் இரத்தப் புற்றுநோய் வந்திருக்கவில்லை. அமர்ந்த இடங்களின் பட்டியலிலும் எல்.எம்.ஓ.2 போன்ற ஆபத்தான வாயில்கள் குறைந்திருந்தன. எண் ஏறினாலே ஆபத்து என்பதும் இல்லை. 2007-இல் பாரிஸில் தலசீமியா என்னும் இரத்தசோகைக்கு வைத்தியம் பெற்ற ஓர் இளைஞனிடம், எச்.எம்.ஜி.ஏ.2 என்ற மரபணுவில் ஊர்தி அமர்ந்த ஒரே அணுவழி மட்டும் மற்றவற்றை விஞ்சி வளர்ந்தது. மருத்துவர்கள் கவலையோடு கவனித்தனர். அது புற்றாகவில்லை, அவனும் இரத்தமேற்றாமல் வாழ முடிந்தது. கணக்கு எச்சரிக்கும், தீர்ப்புச் சொல்லாது.

எச்.ஐ.வி. வழிவந்த லென்டி ஊர்திகளே பாதுகாப்பானவை என்று துணிந்திருந்த வேளையில் இன்னொரு செய்தி வந்தது. மூளையைச் சிதைக்கும் பிறவி நோய் ஒன்றுக்கு லென்டி ஊர்தியால் வைத்தியம் பெற்ற 67 சிறுவரில் எழுவருக்கு இரத்தப் புற்றுநோய் தோன்றியது என்று 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. முதலாமவருக்கு 14-ஆம் மாதத்தில். ஒருவருக்கோ 92 மாதங்கள் கடந்து. பலரிடம் ஊர்தி மீகாம் என்ற மரபணுவில் அமர்ந்திருந்தது. முனைகளை அடக்கியிருந்தும் நடுவில் மருந்துச் செய்தியை இயக்க வைத்த விசை, எலி வைரஸ் ஒன்றிலிருந்து எடுத்த வலிய விசையாக இருந்தமையே காரணம் என்று கருதப்படுகிறது. வெளிவாசலில் காவல் வைத்தவர்கள் அடுக்களையில் தீயை விட்டுவைத்திருந்தனர்.

இப்போது வேலூருக்குத் திரும்புவோம். அங்கே பயன்பட்ட ஊர்தி அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து உருவானது. தானே அடங்கும் முனைகளை உடையது. மருந்துச் செய்தியை இயக்கும் விசையாக சி.டி.68 என்ற மனித மரபணுவின் விசையையே வைத்தனர். அது குருத்தணுவில் அன்றி, அதிலிருந்து பிறக்கும் சிலவகை வெள்ளணுக்களிலேயே முனைந்து இயங்குவது. புரதத்தின் வடிவமோ மனிதனுடையதும் பன்றியினுடையதும் கலந்தது. அவ்வாறு கலந்தால் மிகுதியாகச் சுரக்கும் என்று முன்னரே கண்டிருந்தனர். 22 முதல் 41 வயது வரையுள்ள ஐவருக்கு வைத்தியம் செய்யப்பட்டது. இருவருக்கு ஊர்தியை அணுவுக்குள் செலுத்தும் துணைப்பொருள் சேர்க்கவில்லை. அவர்களிடம் எட்டாம் காரணி இயல்பளவில் நூற்றுக்கு 5.2-உம் 1.7-உம் என்ற அளவில் நின்றது. துணைப்பொருள் சேர்த்த மூவரிடம் அது 37.1, 19.3, 39.9 என உயர்ந்தது. ஐவரையும் சேர்த்துக் கணக்கிட்ட 81 மாதக் காலத்தில், ஒருவருக்கும் இரத்தக்கசிவு நேரவில்லை.

இவ்வெண்கள் மகிழ்ச்சி தருபவை. ஆயினும் பாரிஸ் வரலாற்றைப் படித்தவர் வேறோர் எண்ணையும் தேடுவர். அறிக்கை வெளியான நேரத்தில் இவ்வைவர் கவனிக்கப்பட்ட காலம் 9 மாதம் முதல் 27 மாதம் வரை. பாரிஸின் முதற்குழந்தைக்கு நோய் தோன்றியதோ 30-ஆம் மாதத்தில். ஊர்தி வேறு, விசை வேறு, நோய் வேறு; ஆகவே அதே தீங்கு நேரும் என்று அஞ்ச இடமில்லை. நேராது என்று 27 மாதங்களை வைத்துக்கொண்டு உறுதி கூறவும் இடமில்லை. வைத்தியம் செய்தவர்களும் அவ்வாறு உறுதி கூறிவிடக் கூடாது என்றே நாம் கருதுகிறோம்.

மரபேட்டில் தைத்துக்கொள்ளும் ஊர்திகளைப் பெற்றவர்களை 15 ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்பது அமெரிக்க அரசின் மருந்துத் துறை கூறும் நெறி. நம் நாட்டிலும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2019-இல் மரபணு வைத்தியத்துக்கென வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. விதி எழுதுவது ஒரு வேலை. பதினைந்து ஆண்டுகள் ஒரு மனிதனைத் தவறவிடாமலிருப்பது வேறு வேலை. எங்கள் ஊர்ப்பக்கத்து இளைஞன் ஒருவனுக்கு நாளை இவ்வைத்தியம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திருவனந்தபுரத்தில் இரவு மெயிலேறி, பாலக்காடும் சேலமும் கடந்து காட்பாடியில் இறங்கி, வேலூர் சேர்வான். முதலாண்டு தவறாமல் போவான். உடம்பு தேறிய பிறகு வளைகுடா நாட்டில் வேலை கிடைத்தால் போகாதிருப்பானா? திருமணம், வீடு, கடன் என்று ஆயிரம். 92-ஆம் மாதத்தில் அவன் எங்கே இருப்பான்? அவனுடைய கோப்பு எந்த மொழியில், எந்த மாநிலத்து மருத்துவமனையின் அலமாரியில் இருக்கும்? 1956-இல் கல்குளமும் விளவங்கோடும் சென்னை மாநிலத்துக்குப் போக, நெய்யாற்றங்கரை கேரளத்தில் நின்ற நாள் முதலாக, நிலப்பத்திரம் ஒரு பக்கமும் உறவினர் மறுபக்கமுமாக வாழ்ந்து பழகிய எங்களுக்கு இக்கேள்வி வெறும் கற்பனையன்று.

அவனிடமிருந்து வேண்டப்படுவது மிகச் சிறிது. ஆண்டுக்கொரு தடவையேனும் ஒரு சிறு குழாய் இரத்தம். அதிலிருந்து துணுக்குகளை அறுத்துப் படித்து, ஏட்டில் இடங்களைத் தேடி, சென்ற ஆண்டின் பட்டியலோடு இவ்வாண்டின் பட்டியலை வைத்துப் பார்ப்பர். ஆயிரக்கணக்கான முகவரிகள் சிறு சிறு பங்காகப் பரவியிருந்தால், அடுத்த ஆண்டு வரச்சொல்லி அனுப்புவர். ஒரே முகவரி மற்றவற்றைத் தள்ளி ஏறிக்கொண்டே வந்தால், அது எந்த மரபணுவின் வாசல் என்று முதலில் பார்ப்பர். அடுத்த மாதமே மீண்டும் வரச்சொல்வர்.